வலிக்காத கால்: மூன்று இழைகளின் கதை

1/ பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் ஏதாவது ஒரு ஓ.பி.யில் உட்கார்ந்து பாருங்க. முட்டி வலி, குதிகால் வலி, கொப்புளம், உள்ளங்கால் எரிச்சல்னு வரிசை நிக்கும். எல்லாம் ராத்திரி 14 கிலோமீட்டர் வெறுங்காலோட மலையைச் சுத்தினவங்க. அவங்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அதே 14 கிலோமீட்டரை நடந்துட்டு, பாதம் முழுக்கக் கொப்புளத்தோட, "ஒண்ணுமே தெரியல சார்"னு சொல்றவரைப் பார்த்தாதான் பயம்.

2/ போன வாரம் ஒரு தம்பி போனை நீட்டினார். வாட்ஸ்அப் ஃபார்வர்ட்: "நரம்பு பாதிப்பை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் புதிய டெஸ்ட்". "அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர் சார். கால் மரத்துப் போகுதுங்கிறார். இதை எடுத்துடலாமா? பல ஆயிரம் ஆகுமாம், பரவாயில்ல." ஃபார்வர்ட் பொய்யில்லை. கேள்வியும் நல்ல கேள்விதான். ஆனா பதிலை ஒரு வரியில் சொல்லிட முடியாது. அதுக்குத்தான் இந்த நீண்ட இழை.

3/ அந்த டெஸ்ட்டின் பெயர் நியூரோஃபிலமெண்ட் லைட் செயின், சுருக்கமா என்.எஃப்.எல். தமிழில் நரம்பிழைப் புரதம்னு சொல்லலாம். நரம்பு கெட்டிருக்கான்னு பார்க்க மனுஷன் கையில் எடுத்த மூணாவது இழை இது. முதல் இழை முடி. ரெண்டாவது நைலான். மூணாவது இந்தப் புரதம். இந்தக் கதையின் நட்ட நடுவில், நம்ம ஊர்லேர்ந்து பஸ் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ற வேலூர் வருது.

4/ முதல்ல அடிப்படை. முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிற ஒரு நரம்பு செல், அதன் வால் கால் பெருவிரல் வரைக்கும் நீளும். ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரே செல்! அந்த வாலுக்கு ஆக்சான்னு பெயர். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. இவ்வளவு நீளமா, இவ்வளவு மெல்லிசா இருக்கிறது ஒடியாம நிக்கணும்னா உள்ளே ஏதாவது கட்டுமானம் வேணும். வீடு கட்டும்போது தூணுக்குள்ள கம்பி கட்டுவாங்களே, அது மாதிரி. ஆக்சானுக்குள்ள இருக்கிற கம்பிதான் நியூரோஃபிலமெண்ட்.

5/ இதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடியே டாக்டர்களுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. "தொட்டா தெரியுதா?"ன்னு கேட்டா நோயாளி "தெரியுது"ம்பார். எவ்வளவு தொட்டா? என் விரலின் அழுத்தமும் உங்க விரலின் அழுத்தமும் ஒண்ணா? 1890-களில் ஜெர்மனியின் மேக்ஸ் ஃபான் ஃப்ரே ஒரு வழி கண்டுபிடிச்சார். வெவ்வேறு தடிமன் உள்ள முடிகளைக் குச்சி நுனியில் ஒட்டினார். குதிரை முடியும் அதில் உண்டு. தோல் மேல் வச்சு அழுத்தினா, ஒவ்வொரு முடியும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் வளைஞ்சுடும். யார் கையால் வச்சாலும் அதே அழுத்தம்தான்.

6/ முடியில் ஒரு சிக்கல். ஈரம் பட்டா அதன் விறைப்பு மாறிடும். 1960-ல் அமெரிக்காவில் ஜோசபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டீன் ஆகியோர் முடிக்குப் பதிலா நைலான் இழையை வச்சாங்க. எதுக்குன்னு நினைக்கிறீங்க? சர்க்கரை நோய்க்கு இல்லை. போரில் மூளையில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு எந்த இடத்தில் உணர்ச்சி போயிருக்குன்னு பார்க்க. அந்த நைலான் இழை நம்ம சுகர் நோயாளி காலுக்கு வந்து சேர்ந்த பாதை, தொழுநோய் வழியா போகுது.

7/ இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா மிஷனரிகள். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படிச்சுட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் கேட்ட கேள்வியின் சாரம் இதுதான்: உலகத்தில் இத்தனை எலும்பு மூட்டு டாக்டர்கள் இருக்கீங்க, போலியோ கையைப் பார்க்கறீங்க, விபத்துக் கையைப் பார்க்கறீங்க, தொழுநோய்க் கையை ஏன் ஒருத்தர் கூடப் பார்க்கறதில்லை?

8/ அங்கே ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பிடிச்சு, "என் கையை அழுத்துங்க"ன்னார் பிராண்ட். பலமே இருக்காதுன்னு நினைச்சார். பிடி இரும்பு மாதிரி விழுந்தது, இவருக்குக் கை வலிச்சது. அந்த நோயாளிக்கோ தான் எவ்வளவு அழுத்துறோம்னே தெரியலை. அந்தப் பிடியில்தான் பிராண்டுக்கு விஷயம் பிடிபட ஆரம்பிச்சது. தசை பூரா செத்துடலை. செத்தது சில நரம்புகள்.

9/ அந்தக் காலத்தில் மக்கள் மட்டுமில்லை, டாக்டர்களே நம்பினது என்ன? தொழுநோய் வந்தா சதை அழுகி விரல் தானா உதிர்ந்துடும். பிராண்டும் அவர் குழுவும் வேலூரில் வருஷக்கணக்கா நோயாளிகளோட இருந்து கவனிச்சாங்க. விரல் உதிரலை. தேயுது, சுடுது, வெட்டுப்படுது, சீழ் பிடிக்குது. உணர்ச்சி இல்லாததால் காப்பாத்த ஆள் இல்லை. கிருமி நரம்பைக் கெடுக்குது. விரலைக் கெடுக்கிறது அன்றாட வாழ்க்கை.

10/ அவர் எழுதின ரெண்டு சம்பவம் டாக்டர்கள் மத்தியில் பிரபலம். துருப்பிடிச்ச பூட்டைத் திறக்க அவர் திணறிக்கிட்டு இருந்தப்ப, ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டுனு திருப்பிட்டான். பார்த்தா விரல் எலும்பு தெரியற அளவுக்குக் கிழிஞ்சிருக்கு. அவனுக்குத் தெரியவே இல்லை. இன்னொண்ணு: சிலருக்கு ராத்திரி தூங்கும்போது இருந்த விரலின் ஒரு துண்டு காலையில் காணோம். கண் விழிச்சுக் காவல் இருந்து பார்த்தா, எலி. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினாங்க.

11/ இன்னொரு விஷயமும் புரிஞ்சது. நரம்பு கண்ட இடத்தில் கெடலை. முழங்கை, மணிக்கட்டு, முட்டிக்குக் கீழே, கணுக்கால்னு, நரம்பு தோலுக்குப் பக்கத்தில் ஓடுற, குளிர்ச்சியான இடங்களில்தான் வீங்கிக் கெடுது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். எந்த நரம்பு எங்கே கெடும்னு தெரிஞ்சா, எந்தத் தசை பிழைச்சிருக்கும்னும் தெரியும். பிழைச்ச தசையின் தசைநாணை இடம் மாத்தித் தைச்சு, மடங்கின விரலை நிமிர்த்தினாங்க. உலகம் பூரா தொழுநோய்க் கைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை பரவினதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு.

12/ கைக்கு அறுவை சிகிச்சை. காலுக்கு? செருப்பு. வேலூரிலும், 1955-ல் தொடங்கின கரிகிரி தொழுநோய் மையத்திலும் மென்மையான ரப்பர் செருப்பு செஞ்சு கொடுத்தாங்க. இன்னிக்கும் நாம எழுதிக் கொடுக்கிற "எம்.சி.ஆர். செருப்பு" அந்த வழியில் வந்ததுதான். அடுத்த தடவை அதைக் கையில் வாங்கும்போது, இது ஏதோ வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்காதீங்க.

13/ 1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புதுசா எதுவும் தெரியலை. வேலூரில் பார்த்த அதே புண், அதே இடம், அதே "வலிக்கலை". ரத்த ஓட்டம் குறைஞ்சதும் ஒரு காரணம்தான். ஆனா பல பேருக்கு அடிப்படைக் காரணம், உணர்ச்சி போன பாதத்தால் விடாம நடக்கிறது. தொழுநோயில் படிச்ச பாடம் சர்க்கரை நோய்க்கு அப்படியே பொருந்திச்சு.

14/ அவர் சொன்னதில் நம்ம ஊருக்குன்னே எழுதின மாதிரி ஒரு பாடம் இருக்கு. நல்ல கால் உள்ளவர் நெடுந்தூரம் நடந்தா, ஒரே இடம் நோக ஆரம்பிச்சதும் தனக்கே தெரியாம நடையை மாத்துவார். கொஞ்சம் சாய்வார், நொண்டுவார், உட்காருவார். உணர்ச்சி இல்லாத கால் மாத்தாது. முதல் அடியை எப்படி வச்சதோ அப்படியேதான் கடைசி அடியையும் வைக்கும். கிரிவலம் 14 கிலோமீட்டர்னா ஏறக்குறைய 20,000 அடி. இந்திர லிங்கத்திலேர்ந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் அழுத்தம் அதே எலும்பு முனை மேலதான்.

15/ சரி, எந்தப் பாதம் ஆபத்தில் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கார்வில்லில் பிர்க், சிம்ஸ் ரெண்டு பேரும் தொழுநோயாளிகள், சர்க்கரை நோயாளிகள் பாதங்களில் செம்ஸ்-வைன்ஸ்டீன் நைலான் இழைகளை வச்சுப் பார்த்து 1986-ல் எழுதினாங்க. 10 கிராம் அழுத்தத்தில் வளையற இழை. அது தெரியலைன்னா, அந்தப் பாதத்துக்குப் பாதுகாப்பு உணர்ச்சி இல்லைன்னு அர்த்தம். இன்னிக்கு உலகம் பூரா சுகர் கிளினிக்கில் காலில் வச்சுப் பார்க்கிற மோனோஃபிலமெண்ட் இதுதான்.

16/ ஆனா முடிக்கும் நைலானுக்கும் ஒரே குறை. நரம்பு போன பிறகுதான் போச்சுன்னு சொல்லும். போய்க்கிட்டு இருக்கும்போதே சொல்ற ஒண்ணு வேணும். சர்க்கரை நோயில் இது முக்கியம், மறதி நோயிலும் தசை சூம்பும் நோயிலும் இன்னும் முக்கியம். அங்கே சாகிற நரம்பைத் தொட்டுப் பார்க்கவே வழியில்லை. இப்ப மூணாவது இழை.

17/ 1903-ல் ஸ்பெயினின் ரமோன் இ கஹால் வெள்ளி உப்பு வச்சு நரம்பு செல்லுக்குச் சாயம் ஏத்தினார். உள்ளே கரும்பழுப்பு நார்கள் தெரிஞ்சது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு அந்த நார் ஒவ்வொண்ணும் 10 நானோமீட்டர் இழைகளின் கற்றைன்னு புரிஞ்சது. 1975-ல் அமெரிக்காவில் ஹாஃப்மன், லாசெக் ரெண்டு பேரும் அந்த இழையில் மூணு புரதங்கள் இருக்குன்னு காட்டினாங்க. எடை குறைஞ்சது லைட், நடுவுல மீடியம், பெரியது ஹெவி. நம்ம என்.எஃப்.எல். அந்த லைட்.

18/ அவங்க கண்டுபிடிச்ச இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் புரதம் செல்லின் உடம்பில் தயாராகி ஆக்சான் வழியா மெதுவா நகர்ந்து போகுது. வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் போகணும்னா கணக்குப் போடுங்க: ஏறக்குறைய மூணு வருஷம். கால் பெருவிரலுக்குப் போற கம்பியை உடம்பு எவ்வளவு நிதானமாக் கட்டியிருக்கு. அதை நாம எவ்வளவு அலட்சியமாத் தொலைக்கிறோம்.

19/ ஆக்சான் உடைஞ்சா உள்ளே இருக்கிற கம்பி வெளியே சிந்தும். இடிஞ்ச வீட்டுக் கம்பி தெருவில் கிடக்கிற மாதிரி. 1996-ல் ஸ்வீடனில் லார்ஸ் ரோசென்கிரென் குழு முதுகுத்தண்டு நீரை எடுத்து இந்தப் புரதத்தை அளந்தது. ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் மிக அதிகம். இயக்க நரம்புகள் செத்து, கை கால் சூம்பி, கடைசியில் மூச்சுத் தசையும் நின்னுபோற நோய் அது.

20/ இந்த நோய்க் குடும்பத்தில் நம்ம சென்னையின் பெயரிலேயே ஒண்ணு இருக்குன்னு தெரியுமா? "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்". இளம் வயசிலேயே கை கால் சூம்பும், முகமும் நாக்கும் பலவீனமாகும், காது கேட்காமப் போகும், ஆனா மெதுவாத்தான் முன்னேறும். 1970-ல் சென்னையின் டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூணு பேரும் இதைப் பதிவு செஞ்சாங்க. ரத்தத்தில் பார்க்க எந்தப் புரதமும் கிடையாது. நோயாளியை முழுசாப் பார்த்து, கேட்டு, தட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சது.

21/ முதுகுத்தண்டு நீரை அடிக்கடி எடுக்க முடியாது. ரத்தத்தில் அளக்கணும். ஆனா ரத்தத்தில் அது அவ்வளவு சொற்பம். ஆரோக்கியமான இளைஞர் ஒருத்தரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சில பிகோகிராம்தான். ஒரு பிகோகிராம்னா ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 2010-ல் அமெரிக்காவில் டேவிட் வால்ட் குழு ஒரு முறையை வெளியிட்டது: நுண்ணிய குழிகளில் மணிகளைத் தனித்தனியா அடைச்சு, புரத மூலக்கூறை ஒண்ணொண்ணா எண்றது. பெயர் சிமோவா. 2016-ல் ஸ்வீடனில் ஹெச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் இந்த முறையில் என்.எஃப்.எல். அளந்து, முதுகுத்தண்டு நீர் சொன்னதையே ரத்தமும் சொல்லுதுன்னு காட்டினாங்க.

22/ அப்புறம் வேகம்தான். 2019-ல் ஒரு ஆய்வு. பரம்பரை அல்சைமர் மரபணு உள்ள குடும்பங்களில், மறதி வரும்னு கணிச்ச வயசுக்கு 16 வருஷம் முன்னாடியே இந்தப் புரதம் ஏறும் வேகத்தில் வித்தியாசம் தெரிஞ்சது. 2023 ஏப்ரலில் டோஃபெர்சென்னு ஒரு மருந்துக்கு அமெரிக்கா துரித அனுமதி கொடுத்தது. ஏ.எல்.எஸ். நோயில் ஒரு சிறு மரபணுப் பிரிவுக்கான மருந்து. 28 வார ஆய்வில் நோயாளியின் செயல்திறனில் தெளிவான வித்தியாசம் வரலை. ஆனா ரத்தத்தில் என்.எஃப்.எல். நல்லா இறங்கியிருந்தது. அதை நம்பித்தான் அனுமதி.

23/ இப்ப தம்பியின் கேள்விக்கு வருவோம். இந்தப் புரதம் நரம்பு உடையுதுன்னு சொல்லும். எந்த நரம்புன்னு சொல்லாது. மூளையா, முதுகுத்தண்டா, காலா? தெரியாது. வயசானா தானா ஏறும். சிறுநீரகம் சரியா வேலை செய்யலைன்னாலும் ஏறும். உடல் எடை அதிகமா இருந்தா குறைச்சுக் காட்டும். பத்து வருஷ சுகர், கொஞ்சம் கிட்னி பாதிப்பு, 62 வயசு. இவருக்கு ஒரு எண் வந்தா நான் அதை என்ன செய்யறது? சர்க்கரை நோய் நரம்பு பாதிப்பிலும் இது ஏறுதுன்னு ஆய்வுகள் இருக்கு. அதை வச்சு ஒருத்தர் பாதத்துக்கு முடிவெடுக்கிற கட்டம் இன்னும் வரலை.

24/ தொழுநோய் நரம்பிலும் இந்தப் புரதம் மாறுதுன்னு 2004-லேயே மும்பையில் அந்தியா குழு நரம்பு திசுவில் காட்டியிருக்காங்க. என்னிக்காவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைப் பார்க்கிற நாள் வரணும்னு எனக்கும் ஆசை. நரம்பு போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா எத்தனை விரல் மிஞ்சும். அதனால இந்த டெஸ்ட்டைக் கேலி செய்யாதீங்க. இடம் தெரிஞ்சு பயன்படுத்துங்க. எம்.எஸ்., ஏ.எல்.எஸ். மாதிரி நோய்களில் நரம்பியல் நிபுணர் கேட்டா எடுக்கலாம். ஃபார்வர்ட் பார்த்து எடுக்க வேண்டாம்.

25/ இப்ப என் கதை. சில வருஷம் முன்னாடி, செங்கம் பக்கத்துக் கிராமத்திலேர்ந்து ஒரு விவசாயி. மாசாமாசம் மாத்திரை வாங்க வருவார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம். ஒருநாள் சந்தோஷமாச் சொன்னார்: "முன்னெல்லாம் மலை சுத்தினா ரெண்டு நாள் கால் வலி சார். இப்ப ரெண்டு வருஷமா வலியே இல்ல. எல்லாம் அண்ணாமலையார் அருள்." நானும் சிரிச்சேன். பின்னாடி நூறு பேர் நிக்கிறாங்க. மாத்திரை எழுதினேன். செருப்பைக் கழட்டச் சொல்லலை.

26/ ரெண்டு மாசம் கழிச்சு வந்தார். வலது பெருவிரலுக்கு அடியில் புண், உள்ளே எலும்பு வரைக்கும் சீழ். கல்லு குத்தினது எப்பன்னே அவருக்குத் தெரியலை. விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. "வலியே இல்லையே சார், எப்படி?"ன்னு அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் நோயின் முக்கியமான அறிகுறியை ரெண்டு மாசம் முன்னாடியே என்கிட்ட வாயாலேயே சொல்லியிருந்தார். காதில் வாங்காம விட்டது நான். பல ஆயிரம் ரூபாய் டெஸ்ட் எதுவும் அன்னிக்குத் தேவைப்படலை. ரெண்டு நிமிஷமும் ஒரு நைலான் இழையும் போதும்.

27/ நைலான் இழை கூட இல்லையா? விரல் இருக்கே. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து டாக்டர்கள் 2011-ல் சொன்ன தொடு பரிசோதனை. நோயாளி படுத்துக் கண்ணை மூடணும். உங்க ஆட்காட்டி விரல் நுனியால் ரெண்டு கால்லயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஒரு ரெண்டு வினாடி மெதுவாத் தொடுங்க. அழுத்தாதீங்க, தட்டாதீங்க, தடவாதீங்க. மொத்தம் ஆறு தொடல். தொட்டதும் "இடது, வலது"ன்னு சொல்லணும். ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்கு. டாக்டரைப் பாருங்க.

28/ சுகர் உள்ளவங்க தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலைன்னா தரையில் கண்ணாடி வச்சுப் பாருங்க, இல்லைன்னா வீட்டில் ஒருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க. விரல் இடுக்கையும் விடாதீங்க. செருப்பை உதறிட்டுப் போடுங்க. வெந்நீரைக் காலால் சோதிக்காதீங்க. உடம்பில் எங்கேயாவது நிறம் மங்கின, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தா அதையும் காட்டுங்க. தொழுநோய் இன்னும் முழுசாப் போகலை. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சீக்கிரம் வந்தா நரம்பு பிழைக்கும்.

29/ கிரிவலம் போகலாமான்னு கேட்பீங்க. பக்தியில் தலையிட நான் யார்? நானும் இந்த ஊர்ல சோறு திங்கிறவன். டாக்டரா ஒண்ணு சொல்றேன்: உணர்ச்சி போன பாதம் 14 கிலோமீட்டர் வெறுங்காலா நடக்கக் கூடாது. வெயில் ஏறின தார் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கூடக் கூடாது. எம்.சி.ஆர். செருப்போட போங்க, இல்லைன்னா வண்டியில் சுத்துங்க. கோயிலுக்குள்ள கொஞ்ச தூரம்தான், அதைப் பார்த்து நடங்க, வெளியே வந்ததும் பாதத்தைப் பாருங்க.

30/ அந்தத் தம்பி மறுநாள் அப்பாவைக் கூட்டிட்டு வந்தார். ஆறு தொடலில் மூணு தெரியலை. புண் எதுவும் இன்னும் இல்லை. சுகரைக் கட்டுப்படுத்த மாத்திரை மாத்தியிருக்கு, செருப்பு எழுதிக் கொடுத்தாச்சு, அம்மாவுக்குத் தினமும் பாதம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாச்சு. ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வச்ச காசில் செருப்பு வாங்கின மிச்சம் கையில் இருக்கு.

31/ உங்க வீட்டில் சுகர் உள்ளவங்க யாராவது "இப்பல்லாம் கால் வலிக்கிறதே இல்லை"ன்னு சொன்னா, தயவுசெஞ்சு சிரிச்சுட்டுப் போயிடாதீங்க. உட்கார வச்சுக் காலைத் தொட்டுப் பாருங்க. அடுத்த பௌர்ணமிக்கு முன்னாடி இதைப் பகிர்ந்தா நல்லது.